காணாதவை நிகழாதவையா?

1935ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 11ஆம் நாள், இலண்டன் மாநகரின் பர்லிங்டன் மாளிகையில் அரச வானியல் கழகத்தின் கூட்டம் நடைபெற்றது. அதில் உரையாற்ற எழுந்தவர் இருபத்து நான்கு வயதுத் தமிழ் இளைஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1930 ஜூலை இறுதியில் பம்பாயில் கப்பலேறியவர். கடலில் கழிந்த அந்நாள்களில் அவர் தாளும் எழுதுகோலுமாக அமர்ந்து ஒரு கணக்கைத் தொடங்கினார். அதன் நிறைவையே அன்று அவையில் எடுத்துரைத்தார்.

எரிபொருள் தீர்ந்த விண்மீன் என்ன ஆகும் என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. விண்மீனின் எடை அதனை உள்நோக்கி அழுத்துகிறது; அதன் உள்ளே எரியும் நெருப்பு வெளிநோக்கித் தள்ளுகிறது. நெருப்பு அவிந்தபின், நெருங்கி அடைபட்ட எலக்ட்ரான்களின் எதிர்ப்பு ஒன்றே எடையைத் தாங்கி நிற்கும். அவ்வாறு சுருங்கி நிற்பவை வெண்குறுமீன்கள். இந்தத் தாங்கும் ஆற்றலுக்கு ஓர் உச்சவரம்பு உண்டு என்று சந்திரசேகர் கண்டார். சூரியனைப் போல் ஏறத்தாழ 1.4 மடங்குக்கு மேற்பட்ட நிறை எஞ்சியிருந்தால், அது வெண்குறுமீனாக ஓய்வு கொள்ள இயலாது. பின் அது என்ன ஆகும்? அதனை அவர் திறந்த வினாவாகவே விட்டார்.

அடுத்துப் பேசியவர் ஆர்தர் எடிங்டன். அக்கால வானியலின் முடிசூடா மன்னர். 1919ஆம் ஆண்டுச் சூரிய கிரகணத்தின்போது ஐன்ஸ்டைனின் பொதுச் சார்பியல் கோட்பாட்டைச் சோதித்து உலகறியச் செய்தவர். குவேக்கர் சபையைச் சேர்ந்த பக்திமான். இளைஞர் திறந்துவைத்த வினாவுக்கு விடையை அவரே சொன்னார். அத்தகைய விண்மீன் சுருங்கிக்கொண்டே போகும். ஈர்ப்பு மிகுந்து மிகுந்து, இறுதியில் ஒளியையே வெளியேற விடாது பிடித்துக்கொள்ளும். இவ்வளவையும் சரியாகச் சொல்லிவிட்டு, ஒரு விண்மீன் இவ்வளவு அபத்தமாக நடந்துகொள்வதைத் தடுக்க இயற்கையில் ஏதேனும் ஒரு விதி இருந்தாக வேண்டும் என்றார். அவையோர் சிரித்தனர். சந்திரசேகர் பயன்படுத்திய சூத்திரத்திலும் அவர் குறை கண்டார், அக்குறை நிலைக்கவில்லை. கருந்துளையைத் தெளிவுறக் கண்டவரே அது இருக்கலாகாது என்று கதவடைத்தார் என்பதே அன்றைய நிகழ்ச்சியின் விந்தை.

அறுபதாண்டுகளுக்கு மேலாகப் பலர் எழுதிவிட்ட இக்கதையில் வயது, இனம், ஆணவம் ஆகியவற்றைக் குறித்தே பெரிதும் பேசுவர். நம்மை ஈர்ப்பது வேறொன்று. ஒளி வெளிவராத இடத்தில் நிகழ்வதை எவரும் காண இயலாது. எவரும் காண இயலாத ஒன்று உண்மையில் நிகழ்கிறதா? அல்லது 'நிகழ்கிறது' என்ற சொல்லே அங்குப் பொருளிழந்து போகிறதா?

இவ்வினாவின் முதல் முடிச்சை அவிழ்த்தவர் ஒரு குரு என்பதை நம் இல்லங்களில்கூடப் பலர் அறியார். பெல்ஜிய நாட்டு ஜார்ஜ் லெமைத்தர் முதல் உலகப் போரில் பீரங்கிப் படையில் பணியாற்றி, 1923இல் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டவர். அடுத்த சில வாரங்களிலேயே கேம்பிரிட்ஜ் சென்று ஓராண்டு பயின்றது இதே எடிங்டனிடம். அண்டம் விரிகிறது என்று 1927இல் எழுதியமைக்காகவே அவரைப் போற்றுகிறோம். 1933இல் அவர் செய்த மற்றொரு பணியை அன்று எவரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

அதன் பின்னணி இது. 1916இல் கார்ல் சுவார்ஷீல்டு என்ற ஜெர்மானியர், ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளுக்கு ஒரு தீர்வு கண்டார். அதன்படி ஒவ்வொரு நிறைக்கும் ஓர் ஆரம் உண்டு. சூரியனுக்கு அது ஏறத்தாழ 3 கிலோமீட்டர், நம் பூமிக்கோ ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு நிறை முழுவதும் அந்த ஆரத்துக்குள் அடைக்கப்பட்டால் அதன் விளிம்பில் சூத்திரம் தாறுமாறாகி, எண்கள் முடிவிலிக்கு ஓடுகின்றன. ஆகவே அங்கே வெளியே முடிந்துவிடுகிறது, அதற்கு அப்பால் எதுவும் இல்லை என்று பலர் எண்ணினர். லெமைத்தர் வெளியில் நின்று அளப்பவரை விடுத்து, உள்நோக்கி விழுபவரின் கடிகாரத்தைக் கொண்டு அளந்தார். முடிவிலி மறைந்தது. நிலவுருண்டையில் தீர்க்கரேகைகள் யாவும் துருவத்தில் ஒன்றாய்க் குவிகின்றன; அதனால் துருவத்துப் பனிக்கட்டிக்கு யாதொரு கேடும் நேர்வதில்லை. குறை நாம் வரைந்த கோடுகளில்தான். விளிம்பும் அத்தகையதே என்று அவர் காட்டினார். விழுபவர் அதனை ஒரு தடையுமின்றிக் கடந்து செல்வார்.

1939 செப்டம்பர் முதல் நாள், போலந்துக்குள் இட்லரின் படைகள் புகுந்த அதே நாளில், அமெரிக்காவில் ஓப்பன்ஹைமரும் சினைடரும் எழுதிய கட்டுரை வெளிவந்தது. சரிந்து விழும் விண்மீனுக்கு இரு வரலாறுகள் உண்டு என்று அது கூறிற்று. தொலைவில் நிற்பவருக்கு விண்மீன் விளிம்பை நெருங்க நெருங்கத் தயங்கி, மங்கி, என்றென்றும் அதனைக் கடவாமலேயே உறைந்து நிற்பதாகத் தோன்றும். விண்மீனோடு விழுபவருக்கோ அனைத்தும் ஏறத்தாழ ஒரு நாளில் முடிந்துபோகும். அதே ஆண்டில் ஐன்ஸ்டைன், அத்தகைய பொருள் இயற்கையில் உருவாக முடியாது என்று நிறுவ முயன்று ஒரு கட்டுரை எழுதினார். தம் கோட்பாட்டின் குழந்தையைத் தாமே ஏற்க மறுத்தார்.

பின்னாளில் அவ்விளிம்புக்கு 'நிகழ்வெல்லை' என்ற பெயர் வழங்கலாயிற்று. நல்ல பெயர்தான். எத்துணைக் காலம் காத்திருந்தாலும், அதற்கு அப்பால் நிகழும் ஒன்றின் செய்தி இப்புறம் நிற்பவருக்கு வந்து சேராது. இங்கேதான் மெய்யியல் தன் பழைய வழக்கைத் தூக்கிக்கொண்டு வருகிறது.

குருமடத்தில் மெய்யியல் பயின்ற எவரும் ஆங்கிலிக்கன் ஆயர் பெர்க்லியை மறந்திருக்க மாட்டார். உணரப்படுவதே உள்ளது என்று 1710இல் எழுதியவர். அக்கொள்கையைக் கடவுளைக் கொண்டு அவர் காத்துக்கொண்டார். அவருக்குப்பின் வந்தோர் கடவுளை நீக்கிவிட்டுக் கொள்கையை வைத்துக்கொண்டனர். பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்த் கோம்த், விண்மீன்கள் எப்பொருளால் ஆனவை என்பதை மனிதன் ஒருபோதும் அறிய இயலாது என்று 1835இல் அறுதியிட்டார். அவர் மறைந்து இரண்டே ஆண்டுகளில் கிர்க்காப், புன்சன் இருவரும் தீச்சுடரின் நிறத்தைப் பிரித்துப் பார்த்து அதிலுள்ள தனிமத்தை இனங்காணும் வழியைக் கண்டனர். 1868 ஆகஸ்ட் 18 அன்று நிகழ்ந்த சூரிய கிரகணத்தை, அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த குண்டூரில் முகாமிட்டு ஆய்ந்தவர்களுள் பிரான்சின் ழான்சென் ஒருவர். அவ்வாண்டுப் பார்வைகளின் தொடர்ச்சியாகவே ஹீலியம் என்னும் தனிமம் முதன்முதல் சூரியனில் அறியப்பட்டது. மண்ணில் அது கைக்குக் கிடைத்தது 1895இல்தான்!

இவ்வித்தையைச் சிவகாசிப் பகுதி மக்களுக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை. ஸ்ட்ரான்சியம் கலந்தால் செந்நிறம், செம்பு கலந்தால் நீலம் என்பது பேன்சி ரகம் செய்யும் எந்தத் தொழிலாளியும் அறிந்தது. பச்சைக்கு உரிய பேரிய உப்பை உச்ச நீதிமன்றம் 2018இல் தடை செய்தபோது, அந்நிறத்தின் பெயராலேயே எத்தனை குடும்பங்களின் பிழைப்பு நின்றது என்பதையும் இம்மாவட்டம் அறியும். தொலைவிலுள்ள சுடரின் நிறம் அதன் உள்ளிருப்பைச் சொல்லிவிடும்.

ஆயினும் கோம்த்தின் தோல்வியைக் காட்டி வழக்கை முடித்துவிட முடியாது. அவர் கண்ட தடை கருவிகளின் குறை. நிகழ்வெல்லையோ, எந்தக் கருவியாலும் தாண்டிப் பார்க்க முடியாதது என்று கோட்பாடே கூறுகிறது. வருங்காலத்தில் பெரிய தொலைநோக்கி வரும் என்ற ஆறுதல் இங்கு இல்லை.

நம் ஊர்ப்பக்கம் திரும்புவோம். பத்துக் கிலோமீட்டர் தொலைவில் பட்டாசு ஆலை ஒன்று வெடித்தால், அதன் ஓசை நம் காதுக்கு வந்து சேர ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் நாம் கதை பேசிக்கொண்டிருப்போம். அங்கோ எல்லாம் முடிந்திருக்கும். செய்தி வந்தபின்தான் நிகழ்ச்சி நிகழ்ந்தது என்று சொல்ல ஒருவருக்கும் நா எழாது. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் ஏறத்தாழ நாற்பது உயிர்களைக் கொண்டுபோன விபத்தில், ஓசை கேட்டு ஓடிவந்தோரும் மாண்டனர். அத்தகைய பெருவிபத்துகள் நாளேட்டில் இடம்பெறும். மருந்து கலக்கும் அறை ஒன்றில் உராய்வு ஏற்பட்டு ஒருவரோ இருவரோ மடியும் விபத்துகள் ஆண்டுதோறும் நிகழ்கின்றன. அவ்வறைகளில் நிகழ்ந்ததைக் கண்டவர் எவரும் மிஞ்சுவதில்லை. விசாரணைக்கு வருவோர் இடிந்த சுவரையும் கருகிய தரையையும் பார்த்து, இப்படி நடந்திருக்கலாம் என்று எழுதிச் செல்வர்.

அப்படி மகனை இழந்த ஒரு தாய், அடக்கத்திற்குப்பின் நம்மிடம் கேட்டார்: "சாமி, கடைசி நேரத்துல அவன் என்னைக் கூப்பிட்டிருப்பானா?" நாம் விடை சொல்லவில்லை. எவரிடமும் விடை இல்லை. இனி எந்த விசாரணையும் அதனைக் கொண்டுவரப் போவதும் இல்லை. ஆயினும் அவன் கூப்பிட்டிருப்பான், அல்லது கூப்பிட்டிருக்க மாட்டான். இரண்டில் ஒன்று நிகழ்ந்தது. சான்று இல்லாத வினா பொருளற்ற வினா என்று கற்பிப்போர், துக்க வீட்டுத் திண்ணையில் ஒரு பொழுது அமர்ந்திருந்துவிட்டு அந்த அம்மையாரிடம் அதனைச் சொல்லிப் பார்க்கட்டும்.

ஒரு தாயின் கண்ணீர் இயற்பியலுக்குச் சான்றாகாது. அதை நாமும் அறிவோம். அவ்வறையிலிருந்து ஓசையாவது வெளியே வந்தது, சாம்பலாவது எஞ்சியது. கருந்துளையோ தன்னுள் விழுந்தது மனிதனா மலையா என்று சொல்லாது. அதன் நிறை, சுழற்சி, மின்னூட்டம் ஆகிய மூன்றை மட்டுமே வெளியே காட்டும் என்பது கோட்பாடு. ஆகவே இயற்பியலின் நிலத்தில் நின்றே இதனைப் பேச வேண்டும்.

அந்நிலத்தில் முதலில் கேட்க வேண்டியது: 'காண இயலாது' என்றால் யாரால்? வெளியே தங்கிவிட்டவரால். உள்ளே செல்பவர் காண்பார். மெசியர் 87 என்னும் விண்மீன் திரளின் நடுவிலுள்ள கருந்துளையை எடுத்துக்கொள்வோம். சூரியனைப் போல் 650 கோடி மடங்கு நிறை; எல்லையின் ஆரம் ஏறத்தாழ 1,900 கோடி கிலோமீட்டர். இத்துணைப் பெரிய எல்லையைக் கடப்பவருக்கு அக்கணத்தில் உடலில் ஓர் இழுப்பும் தெரியாது என்பது பொதுச் சார்பியலின் முடிவு. இராசபாளையத்தை அடுத்த அய்யனார் அருவிக்கு மேலே நீந்தும் மீன் ஒன்றை எண்ணுங்கள். நீரோட்டம் மீனின் வேகத்தை விஞ்சும் ஓர் இடம் உண்டு; அதைக் கடந்த மீன் திரும்பாது. அவ்விடத்தில் நீரில் கோடு ஏதும் கிழித்திருப்பதில்லை. கருந்துளையின் எல்லையைக் கடந்தவர் அதன்பின் அதிகம் போனால் ஏறத்தாழ ஒரு நாள் வாழ்வார். சூழ இருப்பதைப் பார்ப்பார், அஞ்சுவார், ஒருவேளை செபிப்பார். அவற்றை நமக்குச் சொல்ல மட்டும் அவரால் இயலாது. காண இயலாமை நிகழ்ச்சியின் தன்மை அன்று. நாம் நிற்கும் இடத்தின் தன்மை.

இதனினும் வலிய காரணம் ஒன்றுண்டு. எல்லை எங்கே உள்ளது என்பதை அவ்விடத்து இன்றைய நிலையை மட்டும் கொண்டு முடிவு செய்ய இயலாது. இனி உள்ளே விழப்போவதும் அதனை நிர்ணயிக்கிறது. போதிய அளவு பொருள் நெடுந்தொலைவில் நம்மைச் சூழ்ந்து உள்நோக்கிச் சரிந்து வருவதாகக் கொள்வோம். அது வந்து சேருமுன்பே, இவ்வரியை நாம் எழுதும் இவ்வறையும் நீங்கள் படிக்கும் அவ்விடமும் எல்லைக்குள் அகப்பட்டிருக்கக்கூடும். நமக்கோ எந்த மாற்றமும் தெரியாது. எல்லைக்கு அப்பாற்பட்டவை மெய்யல்ல என்றால், இன்று நாம் மெய்யா பொய்யா என்பதை இனி நிகழப்போகும் ஒன்று தீர்மானிக்க வேண்டியதாகும். இத்தகைய 'மெய்ம்மை' எதற்குப் பயன்படும் என்று நமக்கு விளங்கவில்லை. லெமைத்தர் கண்ட விரியும் அண்டத்திலும் இதுவே நிலை. விரிவு முடுகிவருகிறது என்று 1998இல் கண்டறிந்தபின், தொலைதூரத் திரள்கள் பலவற்றிலிருந்து இன்று புறப்படும் ஒளி நம்மை ஒருபோதும் எட்டாது என்று அறிகிறோம். அங்கே இன்று ஒரு விண்மீன் பிறந்தால், அது பிறக்கவில்லை என்போமா?

கோட்பாட்டை நம்பலாமா என்பது அடுத்த வினா. இதில் நம் நாட்டவரின் பங்கு சந்திரசேகரோடு நின்றுவிடவில்லை. கல்கத்தாவில் அமல்குமார் ராய்சௌத்ரி 1955இல் வெளியிட்ட சமன்பாடு, ஈர்ப்பினால் பாதைகள் எவ்வாறு குவிகின்றன என்பதைக் காட்டிற்று. பத்தாண்டுகளுக்குப்பின் ரோஜர் பென்ரோஸ், அதனைத் துணைக்கொண்டு, சரிவு ஒரு கட்டத்தைத் தாண்டினால் உள்ளே ஒருமைப்புள்ளி தோன்றியே தீரும் என்று நிறுவினார். 2020ஆம் ஆண்டு நோபல் பரிசின் பாதி அவருக்குக் கிடைத்தது. ராய்சௌத்ரி 2005இலேயே மறைந்துவிட்டார். கருந்துளையை அதிரச் செய்தால், அடித்த மணியோசை தேய்வது போல் அதன் அதிர்வும் தேய்ந்தடங்கும் என்று பெங்களூரில் பிறந்த விசுவேசுவரா 1970இல் கணக்கிட்டுக் காட்டினார். 2015 செப்டம்பர் 14 அன்று இரு கருந்துளைகள் மோதி ஒன்றான அலை அமெரிக்கக் கருவிகளில் பதிவானபோது, மோதலுக்குப் பின் அத்தகைய தேய்வு எதிர்பார்த்தவாறே அமைந்தது. நாம் முன்னே சொன்ன மெசியர் 87இன் கருந்துளையைச் சூழ்ந்த ஒளிவளையத்தின் படமும் 2019 ஏப்ரலில் வெளியாயிற்று.

இவை யாவும் எல்லைக்கு வெளியே கிடைத்த சான்றுகள் என்பதை மறைக்கலாகாது. படத்தில் நடுவே உள்ளது இருள். அவ்விருளுக்குள் என்ன என்று படம் சொல்லவில்லை. எல்லை வரை பொய்க்காத கோட்பாடு, அதற்கு அப்பாலும் அதே சமன்பாடுகளால் ஒரு கதையைச் சொல்கிறது. சமன்பாட்டில் அவ்விடத்தில் முறிவு ஏதும் இல்லை. அங்கே அதை வெட்டிவிட, நமக்குப் பார்வை எட்டவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மாற்றுக் கருத்து வலுவற்றதும் அன்று. கருந்துளை கதிர்வீசி மெல்ல மெல்லக் கரையும் என்று ஸ்டீபன் ஹாக்கிங் 1974இல் காட்டியதிலிருந்து, உள்ளே விழுந்தவற்றின் தகவல் எங்கே போகிறது என்ற பூசல் ஓயவில்லை. உள்ளே நிகழ்வதும் வெளியே கசிவதும் ஒரே செய்தியின் இரு மொழிபெயர்ப்புகள் என்று 1990களில் ஒரு சாரார் கூறினர். எல்லையிலேயே நெருப்புச் சுவர் ஒன்று எழுந்து, விழுபவரை அங்கேயே எரித்துவிடும் என்று 2012இல் நால்வர் வாதிட்டனர். அவர்கள் கூற்று மெய்யானால், நாம் மேலே சொன்ன அமைதியான கடத்தல் பொய்யாகும். ஆனால் இவர்களும் அப்பால் உள்ளது எது என்றே வழக்காடுகிறார்கள். காண முடியாது, ஆகவே கேட்காதே என்று சொல்லிச் செல்லவில்லை. ஒருமைப்புள்ளியைப் பொறுத்தவரை கோட்பாடே தன் கையை விரிக்கிறது. அவ்விடத்தைக் குறித்து நாமும் ஒன்றும் கூறத் துணியோம்.

அந்த மௌனத்தை நம் மறையுரைகளால் நிரப்பவும் வேண்டியதில்லை. 1951 நவம்பரில் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ், அண்டத்தின் தொடக்கம் பற்றிய அறிவியலைப் படைப்புக்குச் சான்றுபோல் எடுத்துப் பேசியபோது, அவ்வறிவியலின் தந்தையான லெமைத்தர் மகிழவில்லை, கவலையுற்றார். 1952இல் உரோமையில் வானியலாரிடம் பேசியபோது திருத்தந்தை அவ்வாறு மீண்டும் பேசவில்லை. காணாத கடவுளை நம்புகிறோம் என்பதால், காணாத கருந்துளையின் உள்ளும் மெய் என்று வாதிடுவது இரண்டுக்கும் இழுக்கு. உண்மை என்பது அறிவு பொருளுக்கு இசைந்திருத்தல் என்று குருமடத்தில் அக்குவினாரிடம் கற்றோம். பொருள் முன்னே, நம் அறிவு பின்னே. பொருள் நம் பார்வைக்காகக் காத்திருப்பதில்லை என்ற அளவில் மட்டுமே அவர் இங்கு நமக்குத் துணை.

சந்திரசேகர் கடவுள் நம்பிக்கை அற்றவர். அதை ஒளித்ததும் இல்லை. எடிங்டனோடு பகை பாராட்டவும் இல்லை. விண்மீன்களின் அமைப்பைப் பற்றி 1939இல் ஒரு நூலை எழுதி முடித்துவிட்டு வேறு துறைக்குச் சென்றார். நெடுங்காலம் கழித்துத் திரும்பிவந்து, நோபல் பரிசு பெற்ற அதே 1983இல் கருந்துளைகளின் கணிதக் கோட்பாடு பற்றிய பெருநூலை வெளியிட்டார். அதற்கு முந்திய ஆண்டு கேம்பிரிட்ஜில் எடிங்டனின் நூற்றாண்டுச் சொற்பொழிவை ஆற்றி, அவரை உளமாரப் புகழ்ந்தவரும் இவரே. 1995 ஆகஸ்டில் சிகாகோவில் மறைந்தார். நான்கு ஆண்டுகளுக்குப்பின் விண்ணில் ஏவப்பட்ட எக்ஸ்கதிர்த் தொலைநோக்கிக்குச் 'சந்திரா' என்று அவர் பெயரையே சூட்டினர். கருந்துளையை நோக்கிச் சுழன்று விழும் வளிமம் கொதித்து வீசும் கதிர்களை அது படம் பிடிக்கிறது. அது காண்பவை அனைத்தும் எல்லைக்கு இப்புறத்தில் நிகழ்பவை.